வைத்த இடத்தில் இல்லை

காபி வேண்டாம் ஐயா. பார்லித் தண்ணீர் இருந்தால் ஒரு கோப்பை கொடுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

நீங்கள் கேள்வி கேட்டு நான் பதில் சொல்லி என்று இழுக்க வேண்டாம். நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது புரியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதும் நான் இப்படித்தான் சொல்வேன்.

என் பெயர் தாக் யோன்சுக். வயது நாற்பத்தாறு. இச்சோன் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஜன்னலே இல்லாமல் ஒரு சாம்பல் நிறக் கட்டடம் நிற்கிறதே, அந்தக் கிடங்கில் ஏழு வருடமாக இழப்புத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவி. முகக் கிரீம், ஜின்செங் சாறு, வைட்டமின் மாத்திரை என்று உள்ளங்கையில் அடங்குகிற சாமான்கள்தான் அங்கே அதிகம். உள்ளங்கையில் அடங்குகிறது என்றால் சுலபமாகக் காணாமல் போகும் என்று அர்த்தம். நான் பொறுப்பேற்ற இரண்டு வருடத்தில் அது கிட்டத்தட்ட நின்றுபோனது. திருடர்களைப் பிடித்து நிறுத்தினேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் கிடங்கில் காணாமல் போனவற்றில் முக்கால்வாசி திருட்டே இல்லை. கை தவறிப் பக்கத்துத் தட்டில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஸ்கேனர். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. காலையில் தன் அடையாள அட்டையை அதில் காட்ட வேண்டும். பிறகு தட்டின் பட்டைக் கோடு, பிறகு பொருளின் பட்டைக் கோடு. பீப் என்று ஒரு சத்தம். எந்தப் பொருளை, யார், எத்தனை மணிக்கு, எந்தத் தட்டில் வைத்தார்கள் என்பது என் திரைக்கு வந்துவிடும். தலைக்கு மேலே நூற்றுப் பன்னிரண்டு கேமராக்கள். ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லை என்றால் அந்த நிமிடத்தின் பதிவைப் போட்டுப் பார்ப்பேன். சாதாரணப் பதிவு முப்பது நாளில் அழிந்துவிடும். யார் மேலாவது குறை எழுதப்பட்ட நாளின் பதிவை மட்டும் முழுதாகத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

போன வருடம் மார்ச் மாதம், முதல் வாரத்தில், மா ஜோங்ரான் வேலைக்கு வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. நடத்திவந்த நூடுல்ஸ் கடை மூடிப்போனதால் நாள் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தாள். அன்று பாடம் எடுத்தது நான். பன்னிரண்டு பேர் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் அவள். தலைமுடி பாதி வெளுத்திருந்தது, கன்னம் தொங்கியிருந்தது. ஆனால் தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி ஆளை மேலிருந்து கீழே பார்க்கிற அந்தப் பார்வை மாறவில்லை. பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் அவசியமே எனக்கு ஏற்படவில்லை.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாதது இயல்புதான். அவள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன், கண்ணாடி போட்டிருக்கவில்லை. கிடங்கில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை, மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளான அவளும் மேடம் என்றே கூப்பிட்டாள்.

அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் குன்போ நகரில் மின்சாதனக் கிடங்கு ஒன்றில் நான் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மா ஜோங்ரான் எங்கள் ஷிப்டின் தலைவி. நவம்பர் மாதம் ஒருநாள் சாயங்காலம் காரில் பொருத்துகிற வழிகாட்டிக் கருவிகள் மூன்று கணக்கில் குறைந்தன. கடைசியாக அந்தத் தட்டுக்குப் போனவள் நான் என்று சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து வெளியேறும் கதவருகே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். லாரியில் சரக்கு ஏற்றும் பெரிய கதவு திறந்திருந்தது. அவள் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள். கோட்டைக் கழற்றச் சொன்னாள். பிறகு ஸ்வெட்டரை. பிறகு காலணி, சாக்ஸ். கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னாள். உள்சட்டையோடு, வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “வயித்துக்குள்ள முழுங்கிட்டாளோ என்னமோ. நாளைக்கு கக்கூஸ் போறப்ப வழி சொல்லுதான்னு பாப்போம்.”

நல்ல நகைச்சுவை. வரிசை முழுக்கச் சிரித்தது. வரிசையில் என்னை மணந்துகொள்ள இருந்தவனும் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, கல்யாணமும் நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதியிருந்தது. பெட்டி உள்ளே வந்தபோது ஸ்கேனர் அதை இரண்டு தடவை படித்துவிட்டது, இருப்பு சரிசெய்யப்பட்டது என்று. அந்த மூன்று கருவிகளும் உலகத்தில் இருந்ததே இல்லை. மா ஜோங்ரான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று வரியைப் படித்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் திரும்பி, என்னைக் கடந்து டீ குடிக்கப் போனாள்.

மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் அன்று சொல்லியிருந்தால் நாம் இன்று இந்தப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பழி மனசு உள்ளவள் இல்லை. வேலையை விட்டேன், படித்தேன், ஸ்கேனர் எப்படித் தப்புச் செய்யும், கேமரா எதைப் பார்க்காது என்று கற்றுக்கொண்டேன். யாரையும் எங்கள் கிடங்கில் உடையைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தேன். எல்லோரும் தங்கள் சாமானை ஒளி ஊடுருவும் பையில் போட்டுக்கொண்டு, பட்டை கிழிக்காத சாமான் கடந்தால் கத்துகிற மின்கதவு வழியாக நடந்தால் போதும். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லப் பலர் வருவார்கள்.

அவளும் நன்றாகத்தான் வேலை செய்தாள். அதையும் மறைக்க மாட்டேன். சாமானைத் தட்டில் அடுக்கும் வேலை. கை சுறுசுறுப்பு. பக்கத்துப் பெண்களெல்லாம் ஒரே வாரத்தில் அவளை அக்கா, அக்கா என்று சுற்றத் தொடங்கினார்கள். ஸ்கேனர் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை கத்தினால், “இது எங்க மாமியாரோட மறுபிறவி. சொன்னதையே சொல்லிக் கத்திக்கிட்டு இருக்கு” என்பாள். மூன்று மணி இடைவேளையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து எனக்கும் ஒன்று நீட்டுவாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கும்.

கிழங்கை உரித்துக்கொண்டே அவள் தன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். மகன் நோ கியுஹோ பூசானுக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவான். மருமகள் பிரிந்து தேஜோனுக்குப் போய்விட்டாள். பேத்தி சோலுக்கு ஐந்து வயது, அவளை வளர்ப்பது பாட்டிதான். தன் அம்மாவுக்கு மறதி நோய் வந்து ஏழு வருடம் தானே பார்த்துக்கொண்டதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. “எனக்கு வேற எந்த வியாதி வந்தாலும் பரவால்ல மேடம். இது மட்டும் வேணாம். கடைசியில எங்கம்மா என்னையே திருடின்னு சொல்லிச்சு.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு என்ன செய்வது என்று தெளிவானது. அதுவரை ஒன்றும் யோசித்திருக்கவில்லை.

முன்பு கிடங்கில் வேலை பார்த்திருக்கிறாயா என்று ஒருநாள் நானே கேட்டேன். குன்போவில் ஷிப்ட் தலைவியாக இருந்ததாகச் சொன்னாள். “அப்பல்லாம் ஏது கேமரா. என் கண்ணுதான் கேமரா. ஒரு ஈ தப்பிக்காது” என்றாள். கொஞ்ச நேரம் கிழங்குத் தோலை மடித்துக்கொண்டே இருந்தாள். “அப்ப சில வேலை பண்ணிட்டேன் மேடம். இப்ப நெனச்சா…” என்று தொடங்கினாள். இடைவேளை முடிகிற மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள். மறுநாள் நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? சொல்ல வேண்டியவள் அவள்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து அவள் அடுக்கிய சாமான்கள் இடம் மாறத் தொடங்கின. சி-பதினான்கில் வைத்ததாக ஸ்கேனர் சொல்லும், பொருள் சி-பதினாறில் இருக்கும். வாரத்துக்கு ஒன்று, பிறகு மூன்று. குறை எழுதப்பட்டது. நான் அவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. பொறுமையாக உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவள் சத்தியம் செய்தாள், சரியாகத்தான் வைத்தேன் என்றாள். நான் பதிவைப் போட்டுக் காட்டினேன். திரையில் அவளே சி-பதினாறுக்கு முன்னால் நின்று அந்தக் கிரீம் பெட்டியை உள்ளே தள்ளுகிறாள். ஆரஞ்சுச் சட்டை, வெளுத்த தலைமுடி. தன் கண்ணாலேயே பார்த்தாள்.

“நானா இது” என்று மெல்லக் கேட்டாள்.

அவள்தான் அது. ஆனால் அது வேறு நாளின் பதிவு. தேதி வரும் கீழ் ஓரத்தை நான் பெட்டி போட்டு மறைத்திருந்தேன். எல்லா நாளும் ஒரே சட்டை, ஒரே தட்டுகள், ஒரே பெட்டிகள். கிடங்கில் ஒரு செவ்வாய்க்கிழமையை இன்னொரு செவ்வாயிலிருந்து பிரிப்பது அந்தத் தேதி மட்டும்தான். சாமான்களை இடம் மாற்றியது யார் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். சரிபார்ப்புக்கு நான் எந்த வரிசைக்கும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவள் அடுக்கிவிட்டுப் போன ஒரு மணி நேரம் கழித்துப் போவேன். இரண்டு கை அகலம் தள்ளி வைப்பேன். கனமான வேலை ஒன்றும் இல்லை.

மே மாதத்தில் அவள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒவ்வொரு பொருளையும் வைத்த பிறகு தட்டின் எண்ணை எழுதினாள். கேமராவில் பார்ப்பேன். எழுதுவாள், பத்தடி போவாள், திரும்பி வந்து தட்டைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுடைய வேகம் பாதியாகிவிட்டது. உதடு அசையும், எண்களைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். அவள் பிடரியை நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு மயிர்க்கற்றை எப்போதும் கொண்டைக்கு வெளியே தொங்கும். அதைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை. அது உங்களுக்குத் தப்பாகப் படலாம்.

பணியாளர்களின் அலமாரிப் பெட்டிகளுக்கு ஒரு பொதுச் சாவி உண்டு, சாவி தொலைத்தவர்களுக்காக. அது என்னிடம்தான் இருக்கும். ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடி சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் இருந்தது. ஒருநாள் காலணிகள் மேல்தட்டில், இடம் வலம் மாறி. ஒருநாள் நோட்டுப் புத்தகமே காணவில்லை, மூன்று நாள் கழித்து அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது. அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள், “அக்கா, தலையைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடாதீங்க” என்று. அவளும் கூடச் சிரித்தாள். பிறகு ஓய்வறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி சாயங்காலம், ஷிப்ட் முடிந்து எல்லோரும் மின்கதவு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தபோது, அவள் நடந்ததும் கதவு கத்தியது. அவளுடைய பைக்குள், துண்டுக்கு அடியில், பட்டை கிழிக்காத ஜின்செங் சாறு ஒரு புட்டி. அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் வந்து பையை வாங்கினேன்.

அந்த நிமிடத்தை நான் பலவிதமாக எதிர்பார்த்திருந்தேன். அவள் கத்துவாள், யாரோ வைத்துவிட்டார்கள் என்பாள், தாடையை நீட்டி என்னையே மிரட்டுவாள் என்று. அவள் ஒன்றும் செய்யவில்லை. புட்டியைப் பார்த்தபடியே கோட்டின் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே.  “நல்லா பாத்துக்குங்க மேடம். வேற எதாவது எடுத்து வெச்சிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல” என்றாள்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நான் கோட்டை மாட்டிவிட்டேன், பொத்தானையும் நானே போட்டேன். போலீசுக்குப் போகவில்லை, வேலையிலிருந்து நீக்கவும் விடவில்லை. தவறுதலாக விழுந்தது என்று அறிக்கையில் எழுதினேன். அவளைத் தனியாகக் கூட்டிப்போய், தப்பாக நினைக்காதே, ஒரு டாக்டரைப் பார், உன் அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னை மாதிரி ஒரு மேலதிகாரியைத் தான் பார்த்ததே இல்லை என்றாள்.

அக்டோபரில் நகராட்சியின் நினைவாற்றல் மையத்துக்கு என் காரிலேயே அழைத்துப்போனேன். போகும் வழியெல்லாம் அவளுக்குப் பயம். ஏதாவது கேட்டால் பதறாதே, ஆனால் தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதே, அதுதான் ஆபத்து என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். உள்ளே மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்களாம். இரண்டு சொல்லிவிட்டு, மூன்றாவது நாக்கில் இருந்தும் சரிதானா என்று உறுதியில்லாமல் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். மேற்கொண்டு சோதனை தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். காரில் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். மூன்றாவது சொல் என்ன என்று கேட்டேன். “ரயில்” என்றாள். சரியா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு கோப்பை தண்ணீர் கிடைக்குமா?

நவம்பர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெட்டி பேரிக்காயோடு அவள் வீட்டுக்குப் போனேன். மகன் லாரியில் போயிருந்தான். குழந்தை சோல் கூடத்தில் குப்புறப் படுத்து வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு வெங்காயத்தாள் அடை சுட்டுக் கொடுத்தாள் மா ஜோங்ரான். சாப்பிட்டோம். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்ததை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, குளியலறைக்குப் போனாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் காலி வாணலிக்கு அடியில் அடுப்பைப் பற்றவைத்தேன். பக்கத்தில் ஒரு கைத்துணி கிடந்தது. அதன் நுனியைக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து குழந்தையிடம் என்ன வரைகிறாய் என்று கேட்டேன். அப்பாவின் லாரி என்றாள். சக்கரம் எத்தனை என்று சேர்ந்து எண்ணினோம்.

குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை. நான் அங்கேயேதான் இருந்தேன்.

அவள் வெளியே வந்தபோது புகை கூடம் வரைக்கும் வந்திருந்தது. கைத்துணியின் ஓரம் கருகிச் சிவந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், துணியைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நல்ல வேளை மேடம், நீங்க இருந்தீங்க” என்றாள். “நீங்க இல்லாத அன்னைக்கு என்ன ஆகும்?”

 அவளே பதிலைத் தேடிக்கொண்டாள். அந்த வாரமே மருமகளுக்கு ஃபோன் செய்து, சோலைத் தேஜோனுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தை போகமாட்டேன் என்று பாட்டியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டதாம், விரல் விரலாகப் பிரித்துவிட்டதாகச் சொன்னாள். டிசம்பரில் யோஜுவில் உள்ள முதியோர் மருத்துவமனைக்குப் போய்த் தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாள். மகன் வேண்டாம் என்றானாம். நான் பட்ட பாட்டை நீ படக் கூடாது என்று அவனை அடக்கிவிட்டாள்.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் தேடியது இன்னும் கிடைக்கவில்லையே. அவள் கஷ்டப்பட வேண்டும் என்பதா என் ஆசை? எனக்கு வேண்டியிருந்தது ஒரே வார்த்தை. ஞாயிறுதோறும் போனேன். பேரிக்காய் கொண்டுபோவேன், நகம் வெட்டிவிடுவேன். நர்சுகள் என்னைத் தங்கை என்றே நினைத்தார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, அவள் மாத்திரை மயக்கம் தெளிந்து நன்றாக இருந்த வேளையில், நான் யார் என்று சொன்னேன். குன்போ, நவம்பர், திறந்திருந்த கதவு, வெறுங்கால், அவள் சொன்ன நகைச்சுவை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். என் முகத்தைத் துழாவினாள். பிறகு சொன்னாள்: “பண்ணியிருப்பேன் மேடம். நான் என்னென்ன பண்றேன்னு எனக்கே தெரியலியே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மன்னிச்சிடுங்க.”

கைகூப்பித் தலையைத் தாழ்த்தினாள். நான் பதினைந்து வருடம் காத்திருந்த வார்த்தை.

அப்போது நர்சு வந்து, சூப் தரையில் சிந்தியிருக்கிறதே என்று பொதுவாகச் சொன்னாள். சிந்தியது பக்கத்துப் படுக்கைக்காரி, நான் பார்த்தேன். மா ஜோங்ரான் நர்சு பக்கம் திரும்பி, “நான்தான் சிந்தியிருப்பேன், மன்னிச்சிடுங்க” என்றாள். அதே குரல். அதே மாதிரித் தலையைத் தாழ்த்தினாள்.

ஐயா, அன்று காரை ஓட்ட முடியாமல் அரைமணி நேரம் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை மறுபடியும் ஏமாற்றிவிட்டாள் என்றே தோன்றியது.  குன்போவில்கூட நான் அவளை அப்படி வெறுத்ததில்லை.

அதன் பிறகு எப்படி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் மூளையைப் படம் எடுத்தார்கள், அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மகன் நோ கியுஹோ வேலையிடத்தில் விசாரிக்க வந்தான். அம்மா இருக்கிற பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று முறைப்படி எழுதிக் கொடுத்தான். அப்போது நான் பயிற்சிக்காகத் தலைநகருக்குப் போயிருந்தேன், கிடங்கு மேலாளர் கொடுத்துவிட்டார். குறை எழுதிய நாட்கள் எல்லாம் முழு நாளாக இருந்தன, தேதியோடு. நான் அழித்திருக்கலாம். ஆனால் அது விதிக்குப் புறம்பு. உண்மையைச் சொன்னால், அவற்றை நான் அவ்வப்போது போட்டுப் பார்ப்பதும் உண்டு.

லாரி ஓட்டுகிறவனுக்குப் பொறுமை அதிகம். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அம்மா வைத்துவிட்டுப் போன பிறகும் நிறுத்தாமல் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடி போட்ட ஒரு பருத்த பெண்பிள்ளை அதே தட்டுக்கு வந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவன் என் அறை வாசலில் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

“எங்கம்மா வெக்க வேண்டிய எடத்துலதான் வெச்சிருக்காங்க. எடுத்தது நீங்க” என்றான். “ஏன்னு மட்டும் சொல்லுங்க.”

நான் குன்போவைப் பற்றிச் சொன்னேன். அவன் நம்பிக்கையில்லாமல் பார்த்தான். “இதுக்கா?” என்றான். அவ்வளவுதான் கேட்டான். அந்த வரிசையில் நின்றிருந்தால் இவனும் சிரித்திருப்பான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சி-வரிசைச் சாமான்களை நாற்பத்தொரு தடவை இடம் மாற்றியது நான். தேதியை மறைத்துப் பதிவைக் காட்டியது நான். அலமாரிப் பெட்டியைத் திறந்தது, ஜின்செங் புட்டியைத் துண்டுக்கு அடியில் வைத்தது, ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தது நான். மருத்துவமனையிலும் சில ஞாயிறுகளில் அவள் சீப்பை, செருப்பை, சோலின் படத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பழக்கத்தில். கையெழுத்துப் போடுகிறேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் இனி யோஜு பக்கம் போகக் கூடாது என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். மகன் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஜனவரியில் அவள் சொன்னதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது. அவளாகவே நினைத்துப் பார்த்து, அந்தக் கதவருகே என்னைக் கண்டு, பிறகு சொல்ல வேண்டும். இப்போது அவளுக்கு மகன் பெயரே சில நாள் வருவதில்லை, பயமும் மாத்திரையும் சேர்ந்து அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டன, இனித் தேறுவது கடினம் என்று டாக்டர் சொல்கிறாராம். அவர் படித்தவர், சொல்லட்டும். எனக்கு இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். மா ஜோங்ரானின் தலைக்குள் ஒரு கோளாறும் கிடையாது ஐயா. அது என்னைவிட யாருக்குத் தெரியும்?